முப்பத்தோரு சுற்றும் பன்னிரண்டாவது மீனும்

எனக்கு எண்ணும் வியாதி உண்டு. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் இருப்பதுபோல இதற்கும் ஒரு மாத்திரை இருந்திருந்தால் என் குடும்பம் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். படி ஏறினால் படிகளை எண்ணுவேன். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் கத்தரிக்கோல் எத்தனை முறை சத்தமிட்டது என்று எண்ணுவேன். ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கத்துக்கு நடுவே எத்தனை தடவை இருமினார் என்று கேளுங்கள், சொல்கிறேன் (போன வாரம் பதினாறு, மழைக்காலம், பாவம்). பிரசங்கம் எதைப் பற்றி என்று மட்டும் கேட்கக் கூடாது.

இதற்கு என் வேலையும் ஒரு காரணம். இருபத்தாறு வருடம் புதுச்சேரியில் ஒரு மில்லில் துணி சோதிக்கும் பிரிவில் இருந்தேன். சின்ன மடக்குப் பூதக்கண்ணாடி ஒன்றைத் துணிமேல் வைத்து, ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். மில் மூடியபோது இரண்டு பொருள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்று அந்தக் கண்ணாடி. இன்னொன்று நூல் சுற்றும் ஒரு மரப் பாபின். கண்ணாடி மருந்துச் சீட்டு படிக்க உதவுகிறது. பாபின் எதற்கும் உதவவில்லை. உதவாமலே இருந்திருக்கலாம்.

எங்கள் வீடு நெல்லித்தோப்பில், ஒரு குறுகலான தெருவில் இருக்கிறது. வீடும் தெருவுக்கு ஏற்ற மாதிரிதான்: வாசலிலிருந்து பின்சுவர்வரை அறுபத்தோரு அடி நீளம், பதினோரு அடி அகலம். ரயில் பெட்டிக்குக்கூட இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கும். இணையக் கம்பெனிக்காரர்கள் பின்பக்கச் சந்தில் இருக்கிற கம்பத்திலிருந்து வயரை இழுத்ததால், அவர்களுடைய பெட்டி சமையலறைச் சுவரில் உட்கார்ந்துவிட்டது. அதன் வைஃபை சமையலறையில் பிரமாதமாக இருக்கும். நடு அறையில் சுமாராக இருக்கும். முன்ஹாலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும். வீடியோவில் பேச வேண்டுமென்றால் என் மகள் ஸ்டெல்லா சமையலறையில் மாவு டின்மேல் உட்கார்ந்துதான் பேசுவாள்.

ஸ்டெல்லாவுக்கு அப்போது முப்பது வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. (அவளும் எண்ணுகிறவள்தான், சிவப்பணு, வெள்ளையணு. ரத்தத்திலேயே இருக்கிறது.) அதுவரை ஏழு வரன்கள் வந்து போயிருந்தன. எட்டாவதாகப் பிரான்சிலிருந்து ஒன்று வந்தது. பையன் பெயர் பிரான்சிஸ், அங்கே மின்சார வேலை. நான்கு வாரமாக மாவு டின்மேல் உட்கார்ந்து பேசியதில் ஸ்டெல்லாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் முந்தைய ஏழு பேரைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் அவள் தட்டையே பார்த்துச் சாப்பிடுவாள். இவன் பேச்சு வந்தால் இரண்டாவது தடவை குழம்பு கேட்பாள். நான் கவனித்தேன்.

சிக்கல் பையனுடைய அப்பாவிடம் இருந்தது. பெயர் லெயோன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் ஒரு சொல்தா. மணி என்றால் மணி. எங்களுக்கு முன்னால் உப்பளத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் இதே மாதிரி வீடியோவில் பேச ஏற்பாடு செய்து, ஏழு நிமிடம் தாமதமாக வந்தார்களாம். "பேச்சுக்கே ஏழு நிமிஷம் லேட்டுன்னா பிழைப்புக்கு எவ்ளோ லேட்டா வருவாங்க" என்று கேட்டு முடித்துக்கொண்டாராம். எங்களுக்குக் கொடுத்த நேரம் ஞாயிற்றுக்கிழமை, அங்கே நண்பகல் சரியாகப் பன்னிரண்டு. குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். ஆக, இங்கே மாலை நாலரை.

"சம்பந்திங்க மொத மொத பாக்கும்போது பின்னாடி கிரைண்டரும் உங்க கைலியும் தெரியணுமா? ஹால்ல உக்காந்துதான் பேசணும்" என்றாள் என் மனைவி அமலா.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகன் எட்வினிடம் சொன்னோம். அவன் ஒரு புது ரவுட்டரும் இருபது மீட்டர் வயரும் கூரியரில் அனுப்பினான். நான்கு கொம்புகள் வைத்த கறுப்புப் பெட்டி, கவிழ்த்துப் போட்ட நண்டு மாதிரி. "சனிக்கிழமை நான் வந்து மாட்டுறேன், அதுவரைக்கும் பிரிக்காதப்பா" என்றான். சனிக்கிழமை வர முடியவில்லை. கம்பெனி ஆளைக் கூப்பிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்றாள் ஸ்டெல்லா. "இதுக்கு எதுக்கு ஆளு? அங்குலத்துக்கு தொண்ணூத்தாறு இழை எண்ணினவன் நான். நாலு வயர மாட்ட மாட்டனா" என்றேன்.

இந்த இடத்தில் என்னை யாராவது தடுத்திருக்க வேண்டும். இரண்டு பேர் தடுத்தார்கள். நான் கேட்கவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டு, சொந்த ரவுட்டர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எடுத்த பெண் மிகவும் பொறுமைசாலி. "வெச்சுக்கலாம் சார். எங்க பெட்டிய வெறும் வாசல் மாதிரி ஆக்கி வெச்சிடுறோம். வர்றத அப்படியே உள்ள விடும், மத்ததெல்லாம் உங்க ரவுட்டர் பாத்துக்கும். யூசர்நேமும் பாஸ்வேர்டும் மெசேஜ்ல வரும், அதப் போட்டுக்குங்க" என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "சொந்த ரவுட்டர்ல ஏதாவது ஆச்சுன்னா அது எங்க பொறுப்பில்ல சார்" என்றாள். மருத்துவமனையில் கையெழுத்து வாங்கும்போது இதே குரலில்தான் பேசுவார்கள்.

ஞாயிறு காலை பூசை முடிந்து, பத்து மணிக்கு ஆரம்பித்தேன். கூடவே வந்த கையேடு பதினெட்டு மொழிகளில் இருந்தது, தமிழ் இல்லை. படம் பார்த்தே பதினான்கு கட்டங்கள் என்று பிரித்துக்கொண்டேன். ரவுட்டரின் அடியில் எறும்பு சைசில் அச்சடித்திருந்த எழுத்துகளைப் பழைய மில் கண்ணாடியை வைத்துப் படித்தேன். நீலத் துளையில் செருக வேண்டிய வயரை மஞ்சள் துளையில் செருகி முக்கால் மணி நேரம் உலகத்தைத் திட்டினேன். ஸ்டெல்லா வந்து எட்டிப் பார்த்து, "அப்பா, நான் வேணா..." என்றாள். "ஒம்பதாவது கட்டத்துல இருக்கேன். பேசாத" என்றேன்.

பன்னிரண்டு பத்துக்கு ரவுட்டரில் ஐந்து பச்சை விளக்குகளும் எரிந்தன.

முன்ஹாலில் ஸ்டெல்லாவின் போனில் வைஃபை முழுக் கோடும் காட்டியது. எட்வினைக் கூப்பிட்டுப் பார்த்தோம். அவன் முகம் அப்படியே கண்ணாடியில் பார்ப்பதுபோல வந்தது. காதுக்குள் இருந்த மச்சம்கூடத் தெரிந்தது. "யாருப்பா மாட்டுனது" என்றான். "நான்" என்றேன். "தனியாவா?" "தனியா." அவன் கொஞ்சநேரம் பேசவில்லை. என் வாழ்க்கையில் அந்த மௌனத்துக்கு நிகரான பாராட்டை நான் வாங்கியதில்லை.

இத்தோடு நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவச் சமையலறைப் பக்கம் போனேன். அங்கே கம்பெனிப் பெட்டிக்குக் கீழே, அவர்கள் மிச்சம் விட்டுப்போன வெள்ளை வயர் ஒரு ஆணியில் வளைய வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக அப்படித்தான் தொங்குகிறது. ஆனால் அன்று காலை முழுக்க வயரோடு வாழ்ந்தவன் என்பதால் அது என் கண்ணை உறுத்தியது. ஆறு மீட்டர் இருக்கும். அவ்வளவையும் எந்த ஒழுங்கும் இல்லாமல் இப்படியா மாட்டிவைப்பது? மில்லில் நூலை இந்த லட்சணத்தில் விட்டிருந்தால் மேஸ்திரி மூன்று நாள் பேச மாட்டார். அதுவும் சம்பந்தி பார்க்கிற நாளில். (சம்பந்தி பார்க்கப்போவது ஹாலை. சமையலறையை அல்ல. அறுபத்தோரு அடி தள்ளியிருக்கும் வயரை அவர் பார்க்கப் பிரான்சிலிருந்து வந்தால்தான் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.)

பீரோவிலிருந்து பாபினை எடுத்துவந்தேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு முனையும் மாட்டியபடியே இருந்ததால் வயரை நடுவில் இரட்டையாக மடித்து, பாபினில் சுற்ற ஆரம்பித்தேன். கொஞ்சமும் தொய்வில்லாமல், ஒரு சுற்றின் தோளில் அடுத்த சுற்று உட்காரும்படி, முறுக்கி இழுத்துச் சுற்றினேன். விரல்கள் எதையும் மறக்கவில்லை. முப்பத்தோரு சுற்று. கடைசியில் ஒரு மில் முடிச்சு. பாபினை ஆணியில் மாட்டிவிட்டு, தலையைச் சாய்த்து ஒரு தடவை பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. அந்தத் திருப்தியில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

மூணே காலுக்கு ஸ்டெல்லா எழுப்பினாள். நீலப் பட்டுப் புடவையில் இருந்தாள், ஒரு காதில் மட்டும் கம்மல்.

"அப்பா, நெட்டு போச்சு."

ஹாலில் நான் மாட்டிய ரவுட்டரின் ஐந்து விளக்குகளில் ஒன்று ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருந்தது. சமையலறைக்கு ஓடினேன். கம்பெனிப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே என் பாபின் அமைதியாகத் தொங்கியது.

நான் சந்தேகப்பட்டவை வரிசையாக: ரவுட்டர். அதன் நான்கு கொம்புகள். நீலத் துளை. எட்வின். மழை (வெளியே நல்ல மழை பிடித்திருந்தது). அந்தப் பொறுமைசாலிப் பெண். பாபினை நான் சந்தேகப்படவில்லை. அந்த வீட்டிலேயே ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

ரவுட்டரை அணைத்துப் போட்டேன். ஊசியால் பின்னாலிருந்த பொத்தானை அழுத்தி, எல்லாவற்றையும் அழித்து, பதினான்கு கட்டத்தையும் முதலிலிருந்து செய்தேன். பிறகு இன்னொரு தடவை. பிறகு கம்பெனிக்குப் போன். ஒரே இசையைப் பதினோரு முறை கேட்டபின் ஒரு பெண் எடுத்தாள். பழைய பொறுமைசாலி இல்லை, இவள் வேறு.

"பெட்டியில சிவப்பு லைட் எரியுதா சார்?"

"எரியல. சிமிட்டுது. நிமிஷத்துக்கு அறுபது தடவ."

"வயர் எதையாவது தொட்டீங்களா சார்?"

"என் ரவுட்டர் வயரத்தான் தொட்டேன். உங்க வயர் எப்பிடி இருந்துச்சோ, அத விட நல்லா இருக்குது" என்றேன். மனதறிந்து நான் பொய் சொல்லவில்லை.

"சிவப்பு வந்தா லைன் பிரச்சன சார். நாளைக்கு காலைல ஆள் வருவாரு."

மணி மூன்று ஐம்பத்தெட்டு. ஸ்டெல்லா மொபைல் நெட்டில் முயற்சி செய்தாள். எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடுதான். சோதனைக்கு எட்வினைக் கூப்பிட்டதில் அவன் வாயைத் திறந்தபடி உறைந்துபோனான். திறந்த வாய் மூடவே இல்லை. மொட்டை மாடியில் மூன்று கோடு வரும். மாடியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா திட்டியிருந்தால் பரவாயில்லை. "உங்களால முடிஞ்சத செஞ்சீங்க, விடுங்கப்பா" என்றாள். சோபாவில் உட்கார்ந்து, போட்டிருந்த அந்த ஒற்றைக் கம்மலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அறுபத்தெட்டு வருடத்தில் நான் எண்ணாமல் விட்ட நிமிடங்கள் என்றால் அதற்குப் பின் வந்த நான்கைந்து நிமிடங்கள்தான்.

அமலாதான் பேசினாள். "எதிர் வீட்டுக்குப் போலாம்."

"எதிர் வீடா?"

"டீச்சர் வீட்டுல நெட்டு இருக்குது. வேற வழி சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

எதிர் வீட்டில் இருப்பவர் வசந்தா டீச்சர். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. எங்களுக்குள் மூன்று வருடம் ஏழு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் வீட்டுப் பக்கம் சாக்கடை ஓடுவதால் தன்னுடைய ஸ்கூட்டரை எங்கள் பக்கத்தில் நிறுத்துவார். அது எங்கள் வாசலுக்குள் பதினான்கு அங்குலம் வருகிறது என்று நான் டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தெருவே பார்க்க அவருக்குக் காட்டினேன். அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்கூட்டரை இன்னும் இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி நிறுத்தினார். அன்றோடு சரி.

"அந்தம்மா வீட்டு வாசல்ல நான் நிக்க மாட்டேன்" என்றேன்.

"பதினாலு அங்குலம் பெருசா, பொண்ணு பெருசா?" என்றாள் அமலா.

எனக்கு எந்தக் கணக்குக் கேள்வியும் இதுவரை அவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. நான்கு இருபதுக்கு ஒரே குடையில் மூன்று பேரும் தெருவில் இறங்கினோம். கோடு எப்போதோ மழையில் அழிந்துபோயிருந்தாலும், அது எங்கே இருந்தது என்று என் காலுக்குத் தெரியும்.

டீச்சர் நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். நான் நனைந்து நிற்பதை மேலிருந்து கீழே பார்த்தார்.

"என்னா சார், டேப்பு எடுத்துட்டு வந்தீங்களா?"

"நெட்டு இல்ல டீச்சர்" என்றேன். மீதியை அமலா சொன்னாள்: பிரான்ஸ், சொல்தா, நாலரை மணி.

டீச்சர் ஸ்டெல்லாவின் பட்டுப் புடவையைப் பார்த்தார். முகம் மாறியது. "ஒத்தக் கம்மலக் கையில வெச்சிக்கிட்டு நிக்கிறியே, போட்டுக்கோ. உள்ள வாடி." அவளையும் அமலாவையும் உள்ளே விட்டார். கதவில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் குடையைப் பார்த்தேன்.

"வாங்க. செருப்ப அங்கயே வுடுங்க. அளந்து வுடுங்க."

உள்ளே சோபாவுக்குப் பின்சுவரில் பெரிய முருகன் படம். நாங்கள் தயங்குவதைப் பார்த்து டீச்சரே சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார். "ஒரு பக்கம் புடிங்க சார். மொத நாளே அவங்கள கொழப்ப வேணாம்." சோபாவைத் திருப்பியதில் எங்களுக்குப் பின்னால் அவர் வளர்க்கும் மீன்தொட்டி வந்தது. பச்சைச் செடியும், ஒரு சின்ன பிளாஸ்டிக் கோட்டையும், ஆரஞ்சு மீன்களுமாக. காலண்டரில் எழுதிவைத்திருந்த பாஸ்வேர்டைப் பார்த்து ஸ்டெல்லா போனில் போட்டாள். டீச்சர் புடவை மாற்ற உள்ளே போனார்.

நாலு மணி முப்பது நிமிடத்துக்கு ஸ்டெல்லா விரலை வைத்தாள். மறுபக்கம் முதல் மணியிலேயே எடுத்தார்கள். முறுக்கிய வெள்ளை மீசை, அடுத்து புன்னகையோடு அவர் மனைவி மதாம் லெயோன், ஓரத்தில் கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பிரான்சிஸ்.

"போன்ழூர்" என்று வணக்கம் சொல்லிவிட்டு லெயோன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரியா பன்னெண்டு."

"இங்க சரியா நாலரைங்க" என்றேன்.

மீசை ஒரு பக்கம் உயர்ந்தது. நல்ல சகுனம்.

கால்மணி நேரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. அவர் நான் பார்த்த வேலையைக் கேட்டார், இழை எண்ணியதைச் சொன்னேன், மிகவும் ரசித்தார். அமலாவும் மதாமும் மீன் குழம்பில் புளி எவ்வளவு என்று பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஸ்டெல்லாவும் பிரான்சிஸும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் அழகாக நடித்தார்கள். அப்போது மதாம் லெயோன் கண்ணைச் சுருக்கித் திரையின் பக்கம் குனிந்தார்.

"உங்க வீட்டு மீன்தொட்டி எவ்ளோ அழகா இருக்குது."

இது எங்கள் வீடில்லை என்று சொல்ல அதுதான் சரியான நேரம். ஆனால் சொன்னால், ஏன் உங்கள் வீட்டில் இல்லை என்பார்கள். ரவுட்டர் கதை வரும். சின்ன வயரைக்கூட மாட்டத் தெரியாத சம்பந்தி என்று ஆகும். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"ஆமாங்க. நான்தான் பாத்துக்கிறேன். மொத்தம் பதினோரு மீன்." (பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் எண்ணி முடித்திருந்தேன்.)

"பன்னெண்டு" என்றது ஒரு குரல்.

வசந்தா டீச்சர். புடவை மாற்றிக்கொண்டு போனுக்குப் பின்னால், திரையில் தெரியாத இடத்தில் நின்றிருந்தார். "ஒண்ணு கோட்டைக்குள்ள இருக்குது" என்றார். முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தியவர். தப்பான விடையைத் திருத்தாமல் விட அவரால் முடியாது.

லெயோனின் மீசை நேராக நின்றது. "யார் அது?"

அமலா என்னைப் பார்த்தாள். ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் தங்கச்சி" என்றேன்.

மூன்று வருடம் ஏழு மாதம் முகம்கூடப் பார்க்காதவரை ஒரே வார்த்தையில் உடன்பிறப்பாக்கியவன் புதுச்சேரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "முன்னாடி வாங்கம்மா, பாக்கலாம்" என்றார் லெயோன். டீச்சர் நிதானமாகப் புடவையைச் சரிசெய்துகொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சோபா நான்கு பேருக்குப் போதவில்லை. என் வாழ்க்கை மொத்தமும் அந்த அம்மாவின் வாயில் இருந்தது.

"அண்ணன் எப்பிடிப்பட்டவரு?" என்று சிரித்தபடி கேட்டார் லெயோன்.

"எங்கண்ணனா?" டீச்சர் என் பக்கம் திரும்பி ஒரு முழு நொடி பார்த்தார். "இந்தத் தெருவுலயே அப்படி ஒரு மனசு யாருக்கும் கெடையாதுங்க. எங்க பக்கம் சாக்கட இருக்குதுன்னு, என் ஸ்கூட்டர நிறுத்தத் தன்னோட வாசலயே குடுத்துட்டாரு. எவ்ளோ உள்ள வேணாலும் நிறுத்திக்கோம்மான்னு சொல்லிட்டாரு. இல்லண்ணா?"

பிரான்சு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாம்" என்றேன்.

"எவ்ளோ உள்ள வேணாலும்."

"எவ்ளோ உள்ள வேணாலும்."

லெயோன் தலையை ஆட்டினார். "மேர்சி. ரொம்ப நன்றி. நாளைக்குச் சாயந்தரம் பதில் சொல்றேன்" என்று முடித்தார். டீச்சர் எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை எத்தனை என்று என்னைக் கேட்கவில்லை. "நீங்களே எண்ணிப் போட்டுக்குங்க" என்று டப்பாவை முன்னால் வைத்தார்.

மறுநாள் திங்கள் காலை கம்பெனியிலிருந்து குமரவேல் என்பவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு வேலையை முடித்துவிட்டு நேராக வருவதாகச் சொன்னார். சமையலறைக்குள் நுழைந்தவர் சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை. பாபினைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு மெதுவாக ஆணியிலிருந்து எடுத்து, கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தினார்.

"சார், இத யாரு சுத்துனது?"

"நான்தான்."

"ரொம்ப நல்லா சுத்தியிருக்கீங்க." குரலில் கேலி இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "சார், இது நூல் இல்ல. உள்ள முடி மாதிரி கண்ணாடி ஓடுது. அதுக்குள்ள வெளிச்சம்தான் போவுது. இப்பிடி இறுக்கி மடிச்சா வெளிச்சம் வெளிய போயிடும். கண்ணாடியும் ஒடஞ்சிடும். அதனாலதான் நாங்க பெரிய வளையமா, லூசா விட்டுட்டுப் போறோம்."

"இருபத்தாறு வருஷம் மில்லுல இருந்தேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

"தெரியுது சார்" என்றார்.

அரை மணி நேரத்தில் புது வயர் போட்டார். பழைய மாதிரியே வளைய வளையமாக, அசிங்கமாகத் தொங்கவிட்டார். பச்சை வந்தது. ஹாலுக்கு வந்து என் ரவுட்டரைச் சோதித்தார். "இதுல ஒரு தப்பும் இல்ல சார். செட்டிங் எல்லாம் கரெக்டா போட்டிருக்கீங்க. எங்க ஆளுங்களே இவ்ளோ சுத்தமா போட மாட்டாங்க." அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, அதற்குமேல் ஒரு வேலை செய்திருக்கிறேன்.

அன்று சாயந்தரம் பிரான்சிலிருந்து சம்மதம் வந்தது. நேரம் தவறாமையால்தான் கிடைத்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

மே மாதம் நிச்சயதார்த்தத்துக்கு அவர்கள் ஊருக்கு வந்தார்கள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அவர்கள் வீட்டுக்கு வருவார்கள், மீன்தொட்டி எங்கே என்று கேட்பார்கள். பத்து நாள் முன்னாடியே ஒரு தொட்டி வாங்கி ஹாலில் வைத்தேன். பச்சைச் செடி, பிளாஸ்டிக் கோட்டை, மீன் பன்னிரண்டு. ஒன்றைக் கோட்டைக்குள் போகப் பழக்க முயன்றேன், அது ஒத்துழைக்கவில்லை.

லெயோன் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், பத்து மணிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, விரலால் தொட்டுத்தொட்டுப் பிரெஞ்சில் எண்ணினார். நிமிர்ந்தார்.

"பன்னெண்டு. சரியா இருக்குது." பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பாபின் எங்க?" என்றார்.

மதாம் லெயோன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்டெல்லாவும் பிரான்சிஸும் கூரையில் ஏதோ முக்கியமான விஷயம் இருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்கள். குமரவேல் வீட்டைவிட்டுப் போன அன்று மதியமே ஸ்டெல்லா பிரான்சிஸிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவன் அப்போதே வீட்டில் சொல்லியிருக்கிறான்.

"அப்ப அஞ்சு மாசமா தெரியுமா?" என்றேன்.

"தெரியும். நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தோம்." லெயோன் கடைசியாக உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழம எனக்கு முடிவு வரல. நேரத்துக்கு வந்தீங்க, சரி. நேரத்துக்கு வர்றவங்க நெறையப் பேரு இருக்காங்க. திங்கக்கிழமதான் மழையில சண்டக்கார வீட்டுக் கதவத் தட்டுன கதையச் சொன்னாங்க. அப்பதான் சரின்னு சொன்னேன். பாபின எடுத்துட்டு வாங்க, பாக்கணும்."

எடுத்துவந்தேன். குமரவேல் வெட்டிப்போட்ட பழைய வயர் அப்படியே அதில் சுற்றியிருந்தது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மடக்குக் கண்ணாடியைக் கொடுத்தேன். ராணுவத்தில் அணிவகுப்பைப் பார்வையிடுவதுபோல ஒவ்வொரு சுற்றாக எண்ணி, "முப்பத்தொண்ணு. ஒண்ணுகூட வெலகல" என்றார்.

கல்யாணத்தில் வசந்தா டீச்சர்தான் அத்தை முறைக்கு நின்றார். அத்தைக்கு எடுக்கிற புடவையை அவரே தேர்ந்தெடுத்தார். ஸ்கூட்டர் இப்போது எங்கள் வாசலுக்குள் பத்தொன்பது அங்குலம் நிற்கிறது. அளந்தது நான் இல்லை; அமலா, சிரிப்பதற்காக அளந்தாள். எங்கள் வீட்டு வைஃபையின் பெயரை எட்வின் வந்து 'பன்னிரண்டாவது மீன்' என்று மாற்றிவிட்டுப் போனான். விருந்தாளிகள் காரணம் கேட்கும்போதெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர் கதையை ஆரம்பிப்பார். நான் எழுந்து தொட்டிக்கு இரை போடப் போவேன்.

ஒவ்வொரு ஞாயிறும் நாலரைக்குப் பிரான்சிலிருந்து அழைப்பு வரும். லெயோன் என் உடம்பைப் பற்றிக் கேட்பதில்லை, ஊர்ச் செய்தி கேட்பதில்லை. "மீன் எத்தன?" என்பதுதான் முதல் கேள்வி. நான் வாங்கிய மீன்கள் குட்டி போடும் ஜாதி என்று கடைக்காரர் சொல்லவில்லை. இன்று காலை எண்ணியபோது நாற்பத்து மூன்று.

வசந்தா டீச்சர் கணக்கில் நாற்பத்து நான்கு.